இன்னைக்கு ஆபீஸ் இருக்கா?

எங்கள் மாவட்டத்தில் பட்டாசு செய்யும் இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். எழுதினால் பயர் ஆபீஸ், வாயில் வரும்போது பயராபீஸ். தீக்குச்சி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். காலண்டரும் லேபிளும் அடிக்கும் இடம் அச்சாபீஸ். விருதுநகரில் ஆரம்பித்து சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, அந்தப் பக்கம் கோவில்பட்டி வரைக்கும் இதுதான் வழக்கு. அங்கே வளர்ந்தவர்களுக்கு இதில் விசேஷமாக ஒன்றும் படாது. சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில், "எங்க ஊர்ப்பக்கம் பொம்பளைக முக்காவாசிப் பேரு ஆபீஸ் போறவுகதான்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கூட வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் நிமிர்ந்து பார்த்து, "அவ்வளவு படிச்ச ஊரா உங்க ஊரு?" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே சொல் இரண்டு வேறு கட்டடங்களாக நின்றுகொண்டிருந்தது.

ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் எது என்று இணையத்தில் அவ்வப்போது ஒரு துணுக்கு சுற்றும். முன்பெல்லாம் 'செட்' என்பார்கள். இப்போது 'ரன்' முந்திவிட்டதாம். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் புரோகிராம் ரன் பண்ணிப் பிழைக்கிறவனுக்கு இது ஒன்றும் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நம் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் சேர்க்கும் வேலையை ஆங்கிலேயர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்கள் 'ஆபீஸ்' என்ற சொல்லை எடுத்து நூறு வருடமாகப் புழங்கி, அதில் ஏற்றி வைத்திருக்கும் அர்த்தங்கள் கொஞ்சநஞ்சமில்லை. அவற்றை வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரு கவிதையையோ நாவலையோ வாசிப்பது போலத்தான் இதையும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மூலத்திலிருந்து தொடங்கலாம். லத்தீனில் ஒஃபிகியும் என்றால் ஒருவர் செய்தாக வேண்டிய காரியம், கடமை. கி.மு. 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்குச் சொல்வதுபோல சிசரோ எழுதிய நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 'கடமைகள் குறித்து' என்று சொல்லலாம். கடமையிலிருந்து அந்தக் கடமைக்கான பதவி, பதவியிலிருந்து பதவிக்காரர் உட்காரும் இடம் என்று சொல் இறங்கி வந்தது. கிறிஸ்தவத் துறவிகளின் அன்றாட ஜெபமும் ஆங்கிலத்தில் ஆபீஸ்தான். பழைய ஆங்கில வீடுகளில் சமையல்கட்டு, சாமான் அறை எல்லாம் ஆபீஸ். ஒரு காலத்தில் கக்கூஸுக்கும் அதுவே பெயர்.

இத்தனையில் தமிழ் எடுத்துக்கொண்டது கடைசியில் வந்த இடத்தை மட்டும்தான். பதவி என்ற பொருளை அது தொடவே இல்லை. விருதுநகரில் பிறந்த காமராஜர் 1963 அக்டோபர் 2-ல் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியதை ஆங்கிலத்தில் சொன்னால் ஆபீஸை விட்டார் என்றுதான் வரும். தமிழில் அப்படிச் சொன்னால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டார் என்று ஆகும். கடமை என்ற ஆதிப்பொருள் இன்னும் தூரம். அதிகாரியை ஆபீசர் என்கிறோம். அந்தச் சொல்லில் நமக்கு மிடுக்கு கேட்கிறதே தவிரக் கடமை கேட்பதில்லை.

ஆனால் அதே வேரில் பிறந்த இன்னொரு லத்தீன் சொல் உண்டு: ஒஃபிகினா. அதற்குப் பொருள் பட்டறை. கைவினைஞர்கள் உட்கார்ந்து பொருள் செய்கிற இடம். பிற்காலத்தில் மடாலயங்களில் மருந்துச் சரக்கு வைத்திருந்த அறைக்கும் அதுவே பெயராயிற்று. இஞ்சியின் அறிவியல் பெயர் ஜிஞ்சிபர் அஃபிசினாலே. நெல்லி வெகுகாலம் எம்ப்ளிகா அஃபிசினாலிஸ். மருந்தறையில் இருக்கும் சரக்கு என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆபீஸிலும் எல்லாமே மருந்து அறையைச் சுற்றித்தான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி சேர்ந்த கலவைக்குத் தமிழில் மருந்து என்றுதானே பெயர்? மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, மணி மருந்து காய வைக்கும் இடம். ஆக, தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்பவை தெரியாமல் சொன்ன தப்பு என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். லத்தீன் தெரிந்த எவரையும்விட எங்கள் ஊர்ப் பெண்கள் வேருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

தமிழுக்கு இது புதிய விளையாட்டும் இல்லை. ஆபீஸ் வருவதற்கு முன்னால் சர்க்கார் வேலை நடக்கும் இடம் கச்சேரி. தாலுகா கச்சேரி, போலீஸ் கச்சேரி. மயிலாப்பூரில் கச்சேரி ரோடு இன்னும் இருக்கிறது. மார்கழியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பாட்டை நினைத்துக்கொள்வார்கள். இலங்கைத் தமிழருக்கு யாழ்ப்பாணக் கச்சேரி என்றால் இன்றும் கையில் படிவத்தோடு போய் நிற்க வேண்டிய மாவட்டச் செயலகம்.

இதைவிடப் பெரிய கூத்து ஃபேக்டரியில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1611-ல் மசூலிப்பட்டினத்திலும் 1613-ல் சூரத்திலும் அமைத்த ஃபேக்டரிகளின் முதல் வேலை உற்பத்தி அல்ல. ஃபேக்டர் எனப்பட்ட வணிக முகவர்கள் உட்கார்ந்து கணக்கெழுதி, துணி பேரம் பேசி, வாங்கியதைக் கிட்டங்கியில் அடுக்கிய இடம் அது. இன்றைய அர்த்தத்தில் சுத்தமான ஆபீஸ். வெள்ளைக்காரன் தன் ஆபீஸை ஃபேக்டரி என்றான், சிவகாசிக்காரர்கள் தங்கள் ஃபேக்டரியை ஆபீஸ் என்றார்கள். யார் யாரைத் திருத்துவது?

சிவகாசிக்கு இந்தச் சொல் அச்சாபீஸ் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் அச்சகத்துக்கே பிரிண்டிங் ஆபீஸ் என்று பெயர் இருந்தது. பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நடத்திய அச்சகமும் அப்படித்தான் அழைக்கப்பட்டது. தமிழ் அதை அப்படியே அச்சாபீஸ் ஆக்கிக்கொண்டது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி வந்த ஊரில் ஒரு தொழிலின் பெயர் மற்றதற்கு ஒட்டிக்கொள்வது இயல்பு.

ஆனால் ஒட்டிக்கொண்டது ஏன் நிலைத்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் கரிசலில் இருக்கிறது. எங்கள் பக்கம் வயல் என்ற சொல் அபூர்வம். விதைக்கிற நிலத்துக்கே காடு என்று பெயர். காட்டு வேலை என்றால் களை எடுப்பது, பருத்தி எடுப்பது, வெயிலில் முதுகு வேக நிற்பது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. காட்டுக்காரர் முன்னால் யார் எங்கே நிற்பது, எதில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்தது. இந்தக் காட்டுக்கு எதிர்ச்சொல்லாகத்தான் ஆபீஸ் வந்தது. தலைக்கு மேல் கூரை. உட்கார்ந்து செய்யும் வேலை. வாரக்கடைசியில் கையில் காசு. அதைக் கூலி என்று சொல்லாமல் சம்பளம் என்று சொல்லலாம். இத்தனை குச்சிக்கு இவ்வளவு, இத்தனை பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது உண்மையில் கூலியேதான். ஆனாலும் சொல் வேறு. பெண் பார்க்க வந்தவர்களிடம் "பிள்ளை காட்டு வேலைக்குப் போகுது" என்பதற்கும் "பிள்ளை ஆபீஸ் போகுது" என்பதற்கும் உள்ள தூரத்தை வெளியூர்க்காரர் அளக்க முடியாது. முதலாளிகள் தங்கள் தொழிலைக் கௌரவமாகக் காட்ட இந்தச் சொல்லைக் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முதலாளிகள் பலகையில் ஃபயர் ஒர்க்ஸ், மேட்ச் ஒர்க்ஸ் என்று எழுதினார்கள். ஆபீஸ் என்பது வேலைக்குப் போனவர்கள் வைத்துக்கொண்ட பெயர். தங்களுக்குக் கிடைக்காத மரியாதையைச் சொல்லிலாவது எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தச் சொல் மெல்ல இடத்தைவிட்டுக் கழன்றது. "இன்னைக்கு ஆபீஸ் இருக்கா?" என்பது எங்கள் ஊரில் காலையில் கேட்கும் கேள்வி. கட்டடம் எங்கே போகும்? இருக்கா என்று கேட்பது வேலையை. இடி மின்னல் வந்தால் ஆபீஸ் விட்டுவிடுவார்கள். தீபாவளி முடிந்து பூஜை போட்டுத் திறக்கும்வரை ஆபீஸ் கிடையாது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது மாதக்கணக்கில் ஆபீஸ் இல்லை. "ஆபீஸ் இல்லாமக் கெடக்கோம்" என்று அந்த வருடம் கேட்ட வார்த்தையில் பசி இருந்தது. நகரத்தில் "இன்னைக்கு ஆபீஸ் இல்ல" என்று ஒருவர் சொன்னால் அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று பொருள்.

ஒரே தொழில், இரண்டு பெயர் என்பதற்கு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. திருவொற்றியூரில் விம்கோ இருந்தது. ஸ்வீடன் நாட்டு முதலீட்டில், இயந்திரத்தில் தீப்பெட்டி செய்த நிறுவனம். இன்று மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் என்று ஒரு நிறுத்தமாக மிச்சம். அது ஃபேக்டரி. சங்கு, ஷிப்ட், யூனியன் எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும். சிவகாசியில் அதே தீப்பெட்டியைக் கையால் செய்தால் ஆபீஸ். பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. ஃபேக்டரி என்றால் சட்டத்தில் வரையறை உண்டு. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் மின்சக்தி இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதற்காகவும், சிறு உற்பத்தியாளருக்கான கலால் வரிச் சலுகைக்காகவும் பெரிய தொழில்கள் சின்னச் சின்னதாக உடைந்தன. அறிக்கை எழுதுகிறவர்கள் அவற்றை 'யூனிட்' என்றார்கள். நான் வெறுக்கும் சொல் அது. யூனிட்டில் ஆள் இருப்பதாகவே தோன்றாது. ஆபீஸில் சட்டம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் யாரோ அங்கே டிபன் பாக்ஸோடு போகிறார்கள்.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். நவீன தமிழ்ப் புனைகதையில் ஆபீஸ் என்றதும் நமக்கு வருவது அசோகமித்திரனின் சென்னை, ஆதவனின் தில்லி. பஸ், கோப்பு, மேலதிகாரி, மின்விசிறி, மதியச் சாப்பாடு, மாதக்கடைசி. இன்றைய ஐ.டி. கதைகள்வரை அந்த வரிசை தொடர்கிறது. கோப்பு இருந்த இடத்தில் லேப்டாப், அவ்வளவுதான். அந்த ஆபீஸின் மகத்தான கருப்பொருள் சலிப்பு. எதுவும் நடக்காத இடத்தில் ஒரு மனம் எப்படி மெல்ல உலர்கிறது என்பதை நம் எழுத்தாளர்கள் அபாரமாக எழுதியிருக்கிறார்கள். நானும் அந்தக் கதைகளில்தான் வளர்ந்தேன். ஆனால் பயராபீஸ் போகும் ஒருத்தி அந்தக் கதைகளைப் படித்தால் என்ன நினைப்பாள்? எதுவும் நடக்காமல் ஒரு நாள் முடிவதுதான் அவள் சாமியிடம் கேட்பது. அவளுக்குச் சலிப்பு ஒரு பாக்கியம்.

இரண்டு ஆபீஸையும் அறிந்து எழுதியவர் என்று பூமணியைச் சொல்லலாம். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரர். அவர் எழுதி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றிய படம். அதற்கு முன்பே, 1990-ல், சலம் பென்னுர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். குட்டி ஜப்பான் என்பது சிவகாசி தன் சட்டையில் குத்திக்கொண்ட மெடல். அந்தப் பெருமைச் சொல்லை எடுத்து அதற்குப் பின்னால் 'குழந்தைகள்' என்று ஒரு சொல்லைச் சேர்த்ததிலேயே பாதி விமர்சனம் முடிந்துவிட்டது. விடியுமுன் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்த வண்டிகளின் காலம் அது. ஆபீஸ் என்பது பெரியவர்கள் சொல். எட்டு வயதுப் பிள்ளை "நான் ஆபீஸ் போறேன்" என்று சொல்லும்போது மொழிக்கு ஏதோ கோளாறு வந்துவிட்டது என்றே படும். 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், அபாயமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸ்களைப் பற்றிப் போடப்பட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பெட்டி ஒட்டும் வேலை பல வீடுகளுக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்தது. ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று நாங்கள் 2020-ல் பெயர் வைத்தது அங்கே எப்போதோ நடந்துவிட்டது.

உலக இலக்கியத்தில் ஆபீஸ் என்றால் காஃப்காதான் என்று நண்பர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் காஃப்கா தினமும் போன ஆபீஸ் எது என்பதை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம். 1908 முதல் 1922 வரை பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். எந்தத் தொழிலில் எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரிப்பது அவர் கையில் இருந்த வேலைகளில் ஒன்று. மரம் இழைக்கும் இயந்திரத்தில் சதுரத் தண்டு இருந்தால் விரல்கள் எப்படித் துண்டாகின்றன, உருளைத் தண்டு போட்டால் எப்படித் தப்பலாம் என்று படம் போட்டு விளக்கி அறிக்கை எழுதினார். விரல் போன தொழிலாளி ஒரு கட்டடத்தில், அவருடைய காகிதம் இன்னொரு கட்டடத்தில். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அவருக்குத் தெரியும். 'விசாரணை'யின் நடைபாதைகளை இதோடு சேர்த்து வாசிக்காமல், எங்கேயோ மிதக்கும் அபத்தம் என்று மட்டும் வாசிப்பது எனக்குப் போதவில்லை. தமிழில் அந்த இரண்டு கட்டடத்துக்கும் ஒரே பெயர் இருப்பதை அறிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ.

பத்திரிகைத் தமிழின் கதை வேறு. அங்கே ஆபீஸ் கிடையாது, ஆலை உண்டு. 'பட்டாசு ஆலையில் வெடி விபத்து' என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம்? ஆலை நல்ல பழைய சொல்தான். சங்க காலத்தில் கரும்பு பிழிந்த இடம். குறை சொல்வதற்கில்லை. ஆனால் செய்தியின் இரண்டாவது வரியில் தவறாமல் ஒருவர் வருவார், அவர் பெயர் உராய்வு. 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக.' வாக்கியத்தில் எழுவாயாக மனிதர் யாரும் இல்லாததால் உராய்வே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறது. ஓர் அறையில் 4 பேர் இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், அறை போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தியது யார் சொல்லி, லைசென்ஸ் யார் பெயரில், நடத்தியது யார் என்பதெல்லாம் ஐந்தாவது பத்தியில் வரும், அல்லது வராது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துக் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் குறைந்தது 19 பேர். ஒரு லைசென்ஸை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடும் பழக்கம் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது முன்பே தெரியும். "யாரு ஆபீஸ்?" என்று அவர்கள் எப்போதும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பலகையில் உள்ள பெயர் பதிலாகாது என்பது கேட்பவருக்கும் சொல்பவருக்கும் தெரியும். ஆலை என்று எழுதினால் இந்த "யாரு" விழுந்துவிடுகிறது. பத்திரிகைகள் பேச்சு வழக்கில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது வரியில் உராய்வுக்குப் பதில் ஓர் ஆளைக் கொண்டு வந்தால் போதும்.

நகைச்சுவையான பக்கமும் உண்டு. முப்பது வருடம் பயராபீஸில் சக்கரம் சுற்றிய சித்தி ஒருத்தி எனக்கு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவில் போயிருந்தபோது கேட்டாள்.

"எய்யா, ஒங்க ஆபீஸ்ல என்ன சரக்கு ஓடுது?"

"சாஃப்ட்வேர் சித்தி."

"அது தீவாளிக்கு மட்டுமா, வருசம் பூராவுமா?"

"வருசம் பூராவும்."

"அப்பச் சரி."

என் வேலையைப் பற்றி இவ்வளவு சரியான கேள்வியை எந்த நேர்காணலிலும் யாரும் கேட்டதில்லை. அவள் மகள் அப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எம்.எஸ். ஆபீஸ் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஆபீஸ் போய்ச் சம்பாதித்த காசில், தானும் ஆபீஸ் போகாமல் இருப்பதற்காக, ஒரு நல்ல ஆபீஸில் சேர, மகள் ஆபீஸ் படிக்கிறாள். இந்த வாக்கியத்தை என் அலுவலகத்தில் உள்ள எந்த மொழி மாதிரியிடம் கொடுத்தாலும் அது திணறும். சித்தி வீட்டில் யாரும் திணறவில்லை. அலுமினியப் பொடி ஏறி வெள்ளிபோல மின்னும் கையைத் தேங்காய் நாரில் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "ஆபீஸ் பீஸு கட்டியாச்சா?" என்று மகளிடம் கேட்டாள்.

கடைசியாக ஒரு வாக்கியம். இதை நான் ஒருவர் வாயிலிருந்து அப்படியே எடுக்கவில்லை. ஆனால் விபத்து நடந்த எந்த ஊரிலும் துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இதன் துண்டுகள் காதில் விழும். சேர்த்து வைத்தால் இப்படி வரும்:

"ஆபீஸ்ல போன உசுருக்கு, ஆபீஸ்ல இருந்து வர வேண்டியதக் கேட்டு, ஆபீஸ் ஆபீஸா அலையிறோம்."

முதல் ஆபீஸ் இடம். ஊருக்கு வெளியே, முள்காட்டுக்கு நடுவில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சிறு அறைகள். இரண்டாவது ஆபீஸ் ஓர் ஆள். முதலாளியாக இருக்கலாம், குத்தகைக்கு எடுத்தவராக இருக்கலாம், போர்மேனாக இருக்கலாம். இரவில் வந்து ஒரு கட்டு நோட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போகும் யாரோவாகவும் இருக்கலாம். மரியாதைக்கோ பயத்துக்கோ பெயரைச் சொல்லாமல் ஆபீஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். "ஆபீஸ்ல சொல்லிட்டாக", "ஆபீஸ்ல பாத்துக்கிருவாக". மூன்றாவது, இரட்டித்து வருவது, சர்க்கார். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ். திங்கள்கிழமை மனு கொடுக்க கலெக்டர் ஆபீஸ். இழப்பீட்டு வழக்குக்குத் தொழிலாளர் ஆபீஸ். வேலையில் இறந்தவருக்கு இழப்பீடு கொடுக்கும் சட்டம் 1923-ல் வந்தது. சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்த அதே காலம். நூறு வருடமாக இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன.

இந்த மூன்று ஆபீஸிலும் சிசரோ சொன்ன பொருள் இல்லை. கடமை என்ற அர்த்தம் இந்த வாக்கியத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கிறது. 'வர வேண்டியது' என்பதில். கொடுக்க வேண்டியது என்று கொடுப்பவர் பக்கத்திலிருந்து அது சொல்லப்படவில்லை. கேட்பவர் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. லத்தீனிலிருந்து ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சொல் வழியில் எங்கேயோ உதிர்த்துவிட்ட பொருளை, ஒரு சாதாரணத் தமிழ்த் துணைவினை தூக்கிச் சுமக்கிறது.

இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தால் முதலாவதற்கு ஃபேக்டரி, இரண்டாவதற்கு ஓனர், மூன்றாவதற்கு மட்டும் ஆபீஸ் என்று மூன்று சொல் போட வேண்டியிருக்கும். வாக்கியம் தெளிவாகிவிடும். மூன்றும் ஒரே வாசல் போலத் தெரியும் அந்தத் திகைப்பு போய்விடும். நாளிதழில் வந்தால் உள்ளே ஏழாம் பக்கத்தில் இப்படி இருக்கும்: 'பட்டாசு ஆலை வெடி விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்தினர் நிவாரணம் கோரி ஆட்சியர் அலுவலகத்தில் மனு.'